வலது காதில் இரண்டு சொட்டு

“காய்ச்சல் ஏன், பெரியம்மா, காதுக்குள்ள போயி ஒளிஞ்சிக்குது?” என்று லின்சி ஒரு நாள் கேட்டாள்.

கமருன்னிஸா அப்போது முறத்தில் உளுந்தைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நாலு வயதுப் பிள்ளையின் கேள்விக்கெல்லாம் யோசித்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் உளுந்து ஊறப்போடுகிற நேரம் தப்பிவிடும். “வெளியில மழையா இருக்குல்ல. அதான் கதகதப்பா இருக்கட்டும்னு உள்ள போயி உக்காந்துக்குது” என்று சொல்லிவைத்தாள். பிள்ளைக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துவிட்டது. வலது காதைக் கையால் பொத்திக்கொண்டு, உள்ளே தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்பது போல அடிமேல் அடி வைத்து நடந்து போனாள். கமருன்னிஸா சிரித்துவிட்டு, அதை மறந்தும் போனாள்.

அந்தக் கேள்வி பிறந்ததற்குக் காரணம் குவைத்திலிருந்து வந்த ஒரு கருவி.

பூதலூர் ரயிலடிக்குப் பின்னால் இருக்கும் தெருவில் கமருன்னிஸாவின் வீடும் விண்ணரசியின் வீடும் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு நின்றன. விண்ணரசியின் கணவன் ஆண்டனி குவைத்தில் இறைச்சியும் மீனும் வைக்கிற குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் வேலை பார்த்தான். ஒவ்வோர் அறையிலும் குளிர் எவ்வளவு என்று பார்த்துச் சொல்லிக்கொண்டே இருப்பதுதான் அவனுக்கு வேலை. எண் கொஞ்சம் ஏறினாலும் மேலதிகாரிகள் ஓடிவந்துவிடுவார்களாம். அப்படியே பழகிப்போனவனிடம், பிள்ளைக்கு உடம்பு கொஞ்சம் சுடுகிறது என்று மனைவி சொன்னால் அவனுக்கு ஆறாது. கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்பான். கையை வைத்துப் பார்த்துச் சொல்கிறவளுக்கு அதற்கு மேல் என்ன தெரியும்? கடைசியில், ஊருக்கு வந்த நண்பர் ஒருவரிடம், காதில் வைத்துக் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் ஒன்றைக் கொடுத்தனுப்பினான்.

தெருவுக்கே அது அதிசயமாக இருந்தது. கண்ணாடித் தெர்மாமீட்டரை அக்குளில் செருகிவிட்டு, அழுகிற பிள்ளையின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பாடு இதில் இல்லை. காதில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் ‘பீப்’ என்று ஒரு சத்தம். உடனே எண் வந்துவிடும். முப்பத்தெட்டைத் தாண்டினால் காய்ச்சல் என்று ஆண்டனி சொல்லியிருந்தான். கமருன்னிஸாவின் கணவர் ஜெக்கரியா, ரயிலடியில் உரக்கடை வைத்திருப்பவர், தன் காதையும் நீட்டிப் பார்த்துவிட்டு, “நான் உசுரோடதான் இருக்கேன்னு குவைத்துக்காரனே சொல்லிட்டான், இனிமே கவலை இல்ல” என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். கருவியின் முனையில் மாட்டுவதற்கென்று மெல்லிய பிளாஸ்டிக் உறைகள் ஒரு பெட்டி நிறைய வந்திருந்தன. தெருப்பிள்ளைகள் எல்லாருடைய காதையும் பார்த்து முடிப்பதற்குள் அவை தீர்ந்துபோயின. விண்ணரசி போனில் சொன்னபோது, பரவாயில்லை, முனையைத் துடைத்துவிட்டுச் சும்மாவே வை என்றான் ஆண்டனி. இன்னொன்றும் சொன்னான். இரண்டு காதும் ஒரே எண்ணைக் காட்டாது; அதனால் எப்போதும் வலது காதையே பார்க்க வேண்டும், அப்போதுதான் நேற்றைக்கும் இன்றைக்கும் ஒப்பிட முடியும். அதோடு, காதுக்குள் எண்ணெய் கிண்ணெய் எதுவும் விடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னான்.

இதெல்லாம் கமருன்னிஸாவுக்கு எப்படித் தெரியும் என்றால், போன் அவள் வீட்டில்தான் இருந்தது. அவளுடைய பிள்ளைகள் இரண்டு பேரும் பினாங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலைக்குப் போனபோது வைத்த போன் அது. அவர்கள் நினைப்பு வந்தபோது கூப்பிட்டார்கள். ஆண்டனியோ வெள்ளிக்கிழமை தவறாமல் கூப்பிட்டான். குவைத்தில் அன்றைக்குத்தான் அவனுக்கு விடுமுறை. சாயங்காலம் மணி அடித்ததும் விண்ணரசி ஈரக் கையோடு ஓடிவருவாள். கமருன்னிஸா மரியாதைக்காக அடுப்படிக்குள் போய்விடுவாள். ஆனால் அடுப்படிக்கும் போனுக்கும் நடுவில் கதவு கிடையாது. பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதோ இல்லையோ, ஆண்டனி முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். மகளைத் தொட்டுப் பார்க்க முடியாத தகப்பனுக்கு அந்த எண்தான் அவள் நெற்றி என்று கமருன்னிஸா புரிந்துவைத்திருந்தாள்.

விண்ணரசி தஞ்சாவூரில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட். காலை பாசஞ்சரில் போய்ச் சாயங்கால வண்டியில் திரும்புவாள். நர்சரிப் பள்ளி நடுப்பகலோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு வண்டி வரும்வரை லின்சி கமருன்னிஸாவின் பிள்ளை. சோறு ஊட்டுவது, தலை வாரிவிடுவது, வாசலில் தேங்கிய தண்ணீரில் கப்பல் விடும்போது கூடவே குந்தி உட்காருவது எல்லாம் அவள்தான். பெற்ற பிள்ளைகள் வளர்ந்து கடல் தாண்டிப் போன பிறகு, இன்னொரு சின்ன முகத்தைக் கழுவித் துடைக்கிற பாக்கியம் தனக்குக் கிடைக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. தொழுகை முடித்துக் கையேந்தும்போதெல்லாம் அதற்காகவும் ஒரு வார்த்தை நன்றி சொல்லுவாள்.

அந்த ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. நட்ட பயிர் தலை மட்டும் தெரிய நின்றது. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். லின்சிக்குச் சளி. திங்கட்கிழமை மத்தியானம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, வலது காதைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

“பெரியம்மா, காய்ச்சல் உள்ளேர்ந்து குத்துது. வெளிய வரச் சொல்லு.”

கமருன்னிஸாவுக்கு மனசு தாங்கவில்லை. தன் பிள்ளைகளுக்குக் காது வலித்தபோதெல்லாம் அவள் என்ன செய்தாளோ அதையே செய்தாள். கரண்டியில் நல்லெண்ணெய் விட்டு, ஒரு பூண்டுப் பல்லைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, புறங்கையில் தொட்டுச் சூடு பார்த்து, பஞ்சில் நனைத்து இரண்டு சொட்டு விட்டாள். ஆண்டனி சொன்னது நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் அவன் குவைத்தில் இருந்தான். அழுகிற பிள்ளை மடியில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் லின்சி அழுகையை நிறுத்தி அப்படியே உறங்கிப்போனாள்.

சாயங்கால வண்டி ஊதுகிற சத்தம் கேட்டதும் கமருன்னிஸா காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு, முந்தானையால் சுற்றிலும் துடைத்தாள். “அம்மாகிட்ட சொல்ல வேணாம், என்ன?” என்றாள். பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டியது. அப்போதே அவளுக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்தத்தான் செய்தது. நல்ல காரியத்தை யாரும் மறைத்துச் செய்வதில்லை.

அன்று சாயங்காலம் விண்ணரசி மகளின் நெற்றியில் கை வைத்துவிட்டு, சுடுவது போல இருக்கிறதே என்றாள். கருவியை எடுத்து வலது காதில் வைத்தாள். முப்பத்தாறு புள்ளி எட்டு. காய்ச்சல் இல்லை. மழையில் நனைந்து வந்த தன் கை சில்லிட்டிருக்கும், அதனால்தான் பிள்ளை சுடுவதாகத் தோன்றுகிறது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். கமருன்னிஸாவும் தொட்டுப் பார்த்தாள். அவள் கை நனைந்திருக்கவில்லை, அவளுக்கும் சுட்டது. ஆனாலும் அத்தனை தூரத்திலிருந்து வந்த கருவி சொல்லும்போது தன் கை என்ன பெரிய கை என்று விட்டுவிட்டாள். பூண்டு எண்ணெய் வேலை செய்துவிட்டது என்று ஒரு சின்னப் பெருமைகூட அவளுக்கு வந்தது.

மறுநாள் விண்ணரசி வேலைக்குப் போய்விட்டாள். பத்து மணிக்கு மேலாகியும் லின்சி எழுந்திருக்கவே இல்லை. கண்ணைத் திறந்தால் அது எங்கோ பார்த்தது. கமருன்னிஸா கருவியை வலது காதில் வைத்தாள். முப்பத்தாறரை. ஆண்டனியின் சட்டத்தை மீறி இடது காதிலும் வைத்தாள். அதுவும் ஏறத்தாழ அதையே சொன்னது. கருவியைக் கீழே வைத்துவிட்டுத் தன் கன்னத்தைப் பிள்ளையின் கன்னத்தோடு சேர்த்துப் பார்த்தாள். உடனே எழுந்துவிட்டாள்.

வக்கீல் வீட்டு எண்ணுக்குப் போன் செய்து விண்ணரசியை உடனே வரச் சொன்னாள். கடைக்கு ஆள் அனுப்பி ஜெக்கரியாவை வரவழைக்கக்கூடப் பொறுமை இல்லை. துப்பட்டியால் பிள்ளையைச் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டாள். கருவியையும் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். தெருவெல்லாம் கணுக்கால் அளவு தண்ணீர். தடுக்கி விழுந்தால் பிள்ளை போய்விடும் என்கிற பயத்தில் ஒவ்வோர் அடிக்கும் ‘யா அல்லா’ சொல்லிக்கொண்டு கடைத்தெருவில் இருக்கும் டாக்டர் பிரகதாம்பாளின் கிளினிக்கை அடைந்தாள்.

டாக்டர் கண்ணாடித் தெர்மாமீட்டரை லின்சியின் அக்குளில் வைத்து எடுத்தார். நூற்று மூன்று டிகிரி, கருவியின் கணக்கில் முப்பத்தொன்பதுக்கும் மேல். கமருன்னிஸா கருவியைக் காட்டி, இது இல்லை என்கிறதே என்றாள். டாக்டர் அதை வாங்கிப் பார்த்து, அதன் முனையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பினார். பிறகு மருந்து கொடுத்து, ஈரத்துணியால் உடம்பைத் துடைக்கச் சொன்னார். காய்ச்சல் கொஞ்சம் இறங்கத் தொடங்கிய நேரத்தில் விண்ணரசி வந்து சேர்ந்தாள். பஸ்ஸில் வந்திருந்தாள், தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. பின்னாலேயே ஜெக்கரியாவும் வந்தார். அடுத்து உள்ளே போகக் காத்திருந்த பெண்கள் திரைக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் சின்ன விளக்கு ஒன்றைக் காதருகே பிடித்து உள்ளே பார்த்தார். நிமிர்ந்தார்.

“காதுல எண்ணெய் விட்டது யாரு?”

கமருன்னிஸா சுற்றிலும் பார்த்தாள். ஜெக்கரியா நிற்கிறார். காத்திருக்கும் பெண்கள் பார்க்கிறார்கள். பெற்றவள் பக்கத்தில் நிற்கிறாள். விண்ணரசி ஒரு கணம் கமருன்னிஸாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஈரக் கையால் அவள் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள்.

“நான்தான் டாக்டர்” என்றாள்.

டாக்டர் சும்மா விடவில்லை. படித்த பெண் இப்படிச் செய்யலாமா என்றார். உள்ளே சீழ் கோத்திருக்கிறது, செவிப்பறையில் ஓட்டை விழுந்திருந்தால் எண்ணெய் எங்கே போயிருக்கும் தெரியுமா என்றார். கோபம் தணிந்த பிறகு கருவியைப் பற்றியும் சொன்னார். அது பொய் சொல்லவில்லையாம். செவிப்பறையிலிருந்து வருகிற சூட்டைப் பார்த்துத்தான் அது எண் காட்டுகிறது. நடுவில் எண்ணெயோ அழுக்கோ திரைபோட்டால் குறைத்துத்தான் காட்டும். உறை இல்லாமல் வைத்ததில் கருவியின் கண்ணிலேயே எண்ணெய் படிந்துவிட்டது. பிறகு எந்தக் காதில் வைத்தாலும் அப்படித்தான். சின்னப் பிள்ளைகளுக்குக் காதுத் துளை குறுகலாக, வளைந்து இருக்கும். காதை மெல்லப் பின்னால் இழுத்துப் பிடித்துத்தான் வைக்க வேண்டும். “கை ஒண்ணு சொல்லி மெஷின் ஒண்ணு சொன்னா, ரெண்டையும் நம்பாம கண்ணாடித் தெர்மாமீட்டர அக்குள்ல வெச்சுப் பாருங்க. இல்லாட்டி இங்க தூக்கிட்டு வாங்க, இவங்க தூக்கிட்டு வந்த மாதிரி” என்று கமருன்னிஸாவைக் காட்டினார்.

அந்தப் பாராட்டு கமருன்னிஸாவின் மேல் சுடுதண்ணீர் போல விழுந்தது.

இரண்டு மூன்று நாளில் லின்சிக்குக் காய்ச்சல் விட்டது. மருந்து மட்டும் தொடர்ந்தது. கஞ்சி கேட்டாள், பிறகு கஞ்சி வேண்டாம் இட்லி என்றாள், பிறகு இட்லிக்குச் சர்க்கரை கேட்டாள். கமருன்னிஸா சமயம் பார்த்து, விண்ணரசி தனியாக இருந்தபோது போய் நின்றாள். என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கி வைத்திருந்ததெல்லாம் கலைந்து அழுகையாக வந்தது.

விண்ணரசி அவளை உட்கார வைத்தாள். “ஒங்க முந்தானையில பூண்டு வாசம் அன்னிக்கே அடிச்சிச்சுக்கா. கிளினிக்குல டாக்டர் கேட்டப்பதான் வெளங்குச்சு” என்றாள். “அந்த மழையில என் புள்ளயத் தூக்கிட்டு ஓடுனது யாரு? ஒங்களப் போயி நாலு பேருக்கு முன்னாடி தலை குனிய வெப்பேனா?”

“அது தப்புத்தானே விண்ணு.”

“தப்புதான். எம்மேல இருக்கட்டும், நான் பெத்தவ. லின்சி அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. தெரிஞ்சா, இனிமே புள்ளய அங்க விடாதேம்பாரு. அப்பறம் எனக்கு யாருக்கா இருக்கா?”

வெள்ளிக்கிழமை போன் வந்தது. விண்ணரசி கணவனிடம் எதையும் ஒளிக்கத் தெரியாதவள். பிள்ளைக்குக் காதில் சீழ் வைத்ததையும், கருவி காட்டாமல் விட்டதையும், அதற்குக் காரணம் எண்ணெய் என்பதையும் சொன்னாள். யார் விட்டது என்று அவன் கேட்ட இடத்தில் மட்டும், கிளினிக்கில் சொன்னதையே சொன்னாள். அதற்குப் பிறகு நெடுநேரம் அவள் ‘ம்’ கொட்டிக்கொண்டே இருந்தாள். ஆண்டனி சத்தம் போடுகிறவன் இல்லை. கோபம் வந்தால் குரல் தணிந்துபோகும். அடுப்படியில் நின்ற கமருன்னிஸாவுக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. விண்ணரசியின் முதுகு மட்டும் தெரிந்தது.

போனை வைத்துவிட்டு விண்ணரசி சொன்னாள். அவ்வளவு சொல்லியும் கேட்காதவளிடம் பிள்ளையை எப்படி விட்டுவைப்பது என்று கேட்டானாம். பட்டுக்கோட்டையில் அவனுடைய அக்கா அனிட்டா நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறாள். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வந்து லின்சியைக் கூட்டிக்கொண்டு போகட்டும், தான் விடுப்பில் வரும்வரை அங்கேயே இருக்கட்டும் என்று முடிவாகச் சொல்லிவிட்டானாம்.

“நீ என்ன சொன்ன?” என்று கமருன்னிஸா கேட்டாள்.

“சரிங்கன்னேன்.” விண்ணரசி சிரிக்கப் பார்த்தாள். “வேற என்ன சொல்ல?”

அந்த வாரம் ஒரு மாதிரியாகப் போயிற்று. விண்ணரசி தினமும் வேலை முடிந்து வந்து மகளின் துணிகளை ஒவ்வொன்றாகத் துவைத்துக் காயப்போட்டாள். மழை ஈரத்தில் அவை காயவே இல்லை. அதில் அவளுக்கு ஓர் ஆறுதல் இருந்ததோ என்னவோ. பூண்டி மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. லின்சி வீட்டுக்கு வீடு போய், தான் ஊருக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்தாள். பட்டுக்கோட்டையில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டவர்களிடம் அத்தை என்றாள். ஒருநாள் சோறு ஊட்டும்போது அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“அங்க பெரியம்மா யாரு?”

“அத்த இருக்காங்கள்ல.”

“அத்த சரி. பெரியம்மா யாரு?”

கமருன்னிஸா அடுத்த உருண்டையைப் பிள்ளையின் வாயில் வைத்தாள்.

தொழுகைக்கு நின்றால் மனசு நிற்கவில்லை. நெற்றியைத் தரையில் வைக்கிற ஒவ்வொரு தடவையும் அந்த ஈரக் கை மணிக்கட்டைப் பிடித்தது. தன்னைக் காப்பாற்றப் போய் ஒரு பெண் தன் பிள்ளையைப் பிரிகிறாள். உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தாள். ஆண்டனி, இனி அந்த வீட்டு வாசலை மிதிக்க விடாதே என்பான். சொல்லாவிட்டால்? அப்போதும் பிள்ளை பட்டுக்கோட்டைக்குப் போய்விடும். எப்படிப் பார்த்தாலும் பிள்ளை தனக்கு இல்லை. அப்படியானால் தான் மறைத்துக் காப்பாற்றுவது பிள்ளையை அல்ல, தன் பெயரை மட்டும்தான். இது தெளிந்த பிறகு அவளுக்குப் பயம் போய்விட்டது. வருத்தம் மட்டும் மிச்சம் இருந்தது. கடவுள் நம்மிடம் பெரிய காரியங்களைக் கேட்பதில்லை. நம்மால் தூக்கக்கூடிய சின்னதொன்றைத்தான் காட்டுகிறார். அது நம் கையருகிலேயே இருக்கிறது.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்மாவுக்குப் பாங்கு சொன்னதும் ஜெக்கரியா குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் மணக்கப் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டார். தெருவில் ஆண்கள் யாரும் இல்லை. விண்ணரசி தஞ்சாவூரில் இருந்தாள். லின்சி மருந்து குடித்துவிட்டு, போர்வைக்குள் சுருண்டு உறங்கிக்கொண்டிருந்தாள். கமருன்னிஸா வாசல் கதவைச் சாத்திவிட்டு, போனுக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த குவைத்து எண்ணைப் பார்த்தாள். ஆபத்துக்கு உதவும் என்று ஆண்டனி தன் செல்போன் எண்ணை ஒட்டிவைக்கச் சொல்லியிருந்தான். அவசரத்தில் ஓர் எண்ணை மாற்றி அழுத்தி, வைத்துவிட்டு, மறுபடி பார்த்துப் பார்த்து அழுத்தினாள்.

ஆண்டனி, அங்கே வெள்ளிக்கிழமையே நடக்கும் பூசை முடிந்து, அப்போதுதான் அறைக்குத் திரும்பியிருந்தான். ஊர்க் குரலைக் கேட்டதும் பதறிப்போனான்.

“கமருக்காவா? என்னக்கா, லின்சிக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆவல தம்பி. தூங்குது. நல்லாருக்கு. அல்லா புண்ணியத்துல நல்லாருக்கு” என்று அவசர அவசரமாகச் சொன்னாள். அவன் மூச்சு விடுவது கேட்டது. அந்த மூச்சு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, “எண்ணெய் விட்டது நான்” என்றாள்.

லைன் அறுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று, மூச்சுவிடாமல் சொன்னாள். பிள்ளை வலி பொறுக்காமல் அழுதது, அவன் வேண்டாம் என்று சொன்னது தெரிந்தும் விட்டது, பஞ்சை எடுத்து மறைத்தது, டாக்டர் கேட்டபோது வாய் வராமல் நின்றது எல்லாவற்றையும் சொன்னாள்.

“அப்ப அவ ஏன் தான்தான்னு சொன்னா?”

“ஒங்க பொண்டாட்டிய ஒங்களுக்குத் தெரியாதா தம்பி?”

அவன் பதிலுக்குக் காத்திராமல் அவளே தொடர்ந்தாள்.

“புள்ளய எங்க விடணும்னு தோணுதோ அங்க விடுங்க. எங்கிட்ட விட வேணாம்னாலும் சரி, அது ஒங்க நியாயம். அதுக்காகப் பேசல. விண்ணு மேல இருக்குற கோவத்த மட்டும் எடுத்துருங்க. அது பாட்டுக்கு ஒண்ணும் செய்யாம எனக்காகச் சுமக்குது.” கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: “நான் போன் பண்ணேன்னு அதுக்குத் தெரிய வேணாம்.”

ஆண்டனி பேசியபோது குரல் தணிந்திருந்தது. ஆனால் இது கோபத்தில் தணிந்த குரல் மாதிரி இல்லை.

“உறை தீந்துபோச்சுன்னு அவ ரெண்டு மூணு தடவ சொன்னாக்கா. கடைக்குப் போயி ஒரு பெட்டி வாங்கி அனுப்ப எனக்கு நேரம் இல்ல. சும்மாவே வையின்னு சொன்னது நான்தான்.” பிறகு, “சரிக்கா. வெச்சிடுங்க” என்றான்.

பட்டுக்கோட்டையைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ரிசீவரை வைத்துவிட்டு, அதில் பட்டிருந்த வியர்வையை முந்தானையால் துடைத்தாள். கதவைத் திறந்து வைத்தாள். லுஹர் என்னும் நடுப்பகல் தொழுகையைத் தொழுதாள். பல நாளைக்குப் பிறகு தரையில் வைத்த நெற்றி அங்கேயே நிம்மதியாகத் தங்கியது. ஜெக்கரியா வந்து என்ன இன்னும் சாப்பிடவில்லையா என்று கேட்டபோது, உங்களுக்காகத்தான் இருக்கிறேன் என்று இலையைப் போட்டாள்.

சாயங்காலம் மணி அடித்தது. விண்ணரசி வந்து எடுத்தாள். கமருன்னிஸா அடுப்படிக்குள் போய்ப் பாலை அடுப்பில் வைத்தாள். இந்தத் தடவையும் முதுகுதான் தெரிந்தது. ‘ம்’ என்றாள் விண்ணரசி. ‘ம்.’ பிறகு, “சாப்ட்டேங்க” என்றாள். அவன் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அவள் தோள் மெல்ல இறங்கியது. காய்ச்சல் எண்ணைச் சொல்லவே இல்லை. அவன் கேட்கவில்லை போலும். லின்சியைக் கூப்பிட்டுப் போனைக் காதில் வைத்தாள். இடது காதில்தான் வைத்தாள். பிள்ளை, தனக்குச் சர்க்கரை தர மறுப்பவர்கள் யார் யார் என்று அப்பாவிடம் சொல்லிமுடிக்கும்வரை காத்திருந்தாள்.

போனை வைத்துவிட்டு விண்ணரசி அடுப்படி வாசலில் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது.

“பட்டுக்கோட்டைக்கு வேணாமாம்க்கா. அவங்க அக்காகிட்ட பேசிட்டாராம். கமருக்காகிட்டயே இருக்கட்டும், அவங்கள விட யாரு பாத்துக்குவாங்கன்னு அவரே சொல்றாரு. உறை ஒரு பெட்டி வாங்கி வெச்சிருக்காராம், ஆள் கெடச்சா அனுப்புறேன்னாரு. என்னமோ இன்னிக்கு அப்படி ஒரு அன்பாப் பேசுனாரு.” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஒரு வாரமா மாதாகிட்ட அழுதேன். மாதாதான் மனச மாத்திருக்காங்க.”

பால் பொங்கி விளிம்புக்கு வந்தது. கமருன்னிஸா அடுப்பைத் தணித்தாள்.

“இருக்கும் விண்ணு. அவங்க கேக்காம யாரு கேப்பா?” என்று சொல்லிவிட்டு, லின்சியின் டம்ளரை எடுத்து, யாரும் பார்க்கும்முன் ஒரு கரண்டி சர்க்கரை கூடுதலாகப் போட்டாள்.